வாயில் திறந்தது, வழி தெரிந்ததா?

கோடை பிறந்துவிட்டால் போதும், தாம்பரம் பெருஞ்சாலையின் இருமருங்கிலும் பலகைகள் முளைத்துவிடுகின்றன. ‘இன்டர்நேஷனல்’ என்கிறது ஒன்று. ‘குளோபல்’ என்கிறது மற்றொன்று. ‘டெக்னோ’ என்று முழங்குகிறது இன்னொன்று. பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரையிலும், சேலையூரிலிருந்து மாடம்பாக்கம் வரையிலும், கையில் பிறப்புச் சான்றிதழும் நெஞ்சில் பெருங்கவலையும் சுமந்துகொண்டு பெற்றோர் வாயில்தோறும் ஏறி இறங்குகின்றனர். எந்தப் பள்ளியில் சேர்ப்பது? எந்தப் பாடப்பிரிவை எடுப்பது? எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது? மூன்றே கேள்விகள். ஆனால், ஒரு குடும்பத்தின் நாளைய வாழ்வு முழுவதும் அந்த மூன்றுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இது வீட்டுக் கவலைதானே, நாட்டுச் செய்தியாகுமா என்று எண்ணுவோர் உண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. ‘என் பிள்ளையை எங்கே படிக்கவைப்பது?’ என்று கேட்கும் உரிமையே இந்த மண்ணின் பெரும்பாலான மக்களுக்கு அண்மைக் காலத்தில்தான் கிட்டியது. அதற்கு முன் கேள்வி எழுவதற்குள்ளாகவே விடை எழுதி வைக்கப்பட்டிருந்தது. உழவன் மகன் ஏருக்கு. குயவன் மகன் சக்கரத்துக்கு. தோட்டி மகன் துடைப்பத்துக்கு. மகள் என்றால், எவர் மகளாயினும், அடுப்பங்கரைக்கு! பள்ளியைத் தேடவேண்டிய தொல்லையே இல்லை. தொட்டிலிலேயே தொழில் முடிவாகிவிட்ட நாட்டில், தேர்ந்தெடுப்பதற்கு என்ன இருந்தது?

பிறப்பு விடையளித்து வந்த அந்தக் கேள்வியை மக்களே விடையளிக்கும் கேள்வியாக மாற்றியதுதான் கடந்த ஒரு நூற்றாண்டின் வரலாறு. அதைப் படிக்க ஏடுகளைப் புரட்ட வேண்டுமென்பதில்லை. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை நீண்டு கிடக்கும் இரயில் பாதையே போதும். 1931ஆம் ஆண்டு அப்பாதையில் மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. அலுவலகம் செல்வோரும் ஆலைக்குச் செல்வோரும் மாணவரும் நெருக்கியடித்து ஏறும் அந்த வண்டியின் வழியில் மூன்று கல்விக்கூடங்கள் உள்ளன. அவற்றில் பயின்ற மூவரின் கதைகளை முதலில் காண்போம்.

முதலாவது, சென்னைக் கிறித்துவக் கல்லூரி. 1837இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த அக்கல்லூரி, நூறாண்டுக் காலம் நகரின் நெரிசலுக்குள் இருந்துவிட்டு, 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அது நகருக்குள் இருந்த நாளில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே பயின்றவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். பொருள்வசதி குறைந்த குடும்பம். என்ன பாடம் படிப்பது என்ற கேள்வி எழுந்தது. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் பாடநூல்களை அவருக்குக் கொடுத்தார். நூல்கள் கையில் இருந்தன. ஆகவே தத்துவமே பாடமாயிற்று. பின்னாளில் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக அமர்ந்து, 1962இல் குடியரசுத் தலைவராக உயர்ந்த ஒருவரின் வழியைப் பழைய புத்தகக் கட்டு ஒன்று தீர்மானித்தது!

தற்செயல் என்பர். ஆம், தற்செயல்தான். ஆனால், அந்தத் தற்செயல் நிகழ்வதற்குக்கூட ஒன்று தேவைப்பட்டது: முன்னரே கல்லூரி கண்ட உறவினர் ஒருவர். அதே காலத்தில் தாம்பரத்து உழவன் வீட்டில், பல்லாவரத்துக் கல்லுடைப்போன் குடிசையில், தத்துவ நூலைத் தூக்கிக் கொடுக்க எந்த உறவினர் இருந்தார்? வறுமை இரு வீட்டுக்கும் பொது. புத்தகம் ஒரு வீட்டுக்கே சொந்தம். தகுதி பற்றியும் திறமை பற்றியும் பேசுவோர் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எழுதுவதேயில்லை.

இரண்டாவது, கிண்டிப் பொறியியல் கல்லூரி. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி, பொறியியல் கல்லூரியாக வளர்ந்து, 1920இல் கிண்டிக்கு வந்த நிறுவனம். 1940இல் அங்கே ஒரு பெண் மாணவியாக நுழைந்தார். பெயர் லலிதா. பதினைந்து வயதில் மணம். பதினெட்டு வயதில் கணவரை இழந்தார். கையில் நான்கு மாதக் குழந்தை. அக்கால வழக்கப்படி அவர் வாழ்வு அத்துடன் முடிந்திருக்க வேண்டும். மொட்டையும் மூலையும் அவருக்காகக் காத்திருந்தன. ஆனால், அவர் படிக்க விரும்பினார். தந்தை துணை நின்றார். ஆண்களே பயின்ற கல்லூரியில் மகளைச் சேர்க்க இசைவு பெற்றார். பின்னர் வேறு இரு பெண்களும் வந்து சேர்ந்தனர். அவ்விருவருள் ஒருவரான தெரசியா, பிற்காலத்தில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். லலிதா இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் என்று பெயர் பெற்றார். 1964இல் நியூயார்க் நகரில் பெண் பொறியாளர்களும் அறிவியலாளர்களும் கூடிய முதல் பன்னாட்டு மாநாட்டில் கலந்துகொண்டார்.

அந்தத் தந்தையை நாம் பாராட்டுகிறோம். கைம்பெண்ணைச் சபித்த சமுதாயத்தின் முகத்தில் அறைந்தது போன்ற செயல் அது. எனினும், ஒன்றை மறத்தலாகாது. அவர் அதே கிண்டிக் கல்லூரியின் மின்பொறியியல் பேராசிரியர். எந்தக் கதவை எப்படித் தட்டுவது, எவரிடம் கேட்பது, எந்த விதி வளையும், எது வளையாது என்பதெல்லாம் அவர் அறிந்திருந்தார். துணிவும் இருந்தது, வழியும் தெரிந்திருந்தது. துணிவு மட்டும் இருந்து வழி தெரியாத தந்தையர் அன்று எத்தனை பேரோ! அவர்தம் மகளிர் பெயர் எந்தக் கல்லூரிப் பதிவேட்டிலும் இல்லை.

மூன்றாவது, குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்பக் கழகம். எம்.ஐ.டி. என்றால் இரயிலில் வரும் சிறுவனும் அறிவான். சி. இராஜம் என்ற தொழிலதிபர், தம் மாளிகையை விற்ற பணத்தை முதலாக வைத்து 1949இல் தொடங்கிய நிறுவனம் அது. வானூர்தி, தானியங்கி ஊர்தி, மின்னணு, கருவியியல் ஆகிய புதுத் துறைகளில், பி.எஸ்.சி. முடித்தவர்களுக்கு மூன்றாண்டுப் பயிற்சி அளித்தது. 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. 1950களின் நடுவில் அங்கு வந்து சேர்ந்தவர் இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம்.

அவர் எவ்வாறு வந்தார் தெரியுமா? திருச்சி சூசையப்பர் கல்லூரியில் இயற்பியல் பட்டம் முடித்த பிறகே, தமக்குரிய துறை பொறியியல் என்பதை உணர்ந்தார். இன்டர்மீடியட் முடித்தவுடனேயே பொறியியலில் சேர்ந்திருக்கலாம் என்பது பிறகுதான் புலனாயிற்று என அவரே எழுதியிருக்கிறார். உரிய நாளில் அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. குரோம்பேட்டையில் இடம் கிடைத்தது. ஆனால் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டும். தந்தையால் இயலவில்லை. தமக்கை சோகரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியை அனுப்பினார். விண்கலமும் ஏவுகணையும் செய்து, 2002இல் குடியரசுத் தலைவரானவரின் கல்விக்கு, அடகுக்கடைச் சீட்டு ஒன்று சாட்சி!

மூன்று கதைகளையும் ஒரு தட்டில் வைத்துப் பாருங்கள். ஒருவருக்கு வழிகாட்ட உறவினர் இருந்தார். ஒருவருக்குத் தந்தையே இருந்தார். மூன்றாமவருக்கு எவரும் இல்லை, ஆகவே சுற்றுவழி. கலாம் சுற்றுவழியிலும் ஊர் போய்ச் சேர்ந்தார். சுற்றுவழியிலேயே தொலைந்துபோனவர்களின் பெயரை வரலாறு எழுதி வைப்பதில்லை. அறிவில் குறைந்ததால் அவர்கள் தொலையவில்லை. ‘இப்படிப் போ’ என்று சொல்ல ஆள் இல்லாததால் தொலைந்தார்கள்.

நிலமும் வீடும் நகையும்தாம் பரம்பரைச் சொத்து என்று எண்ணியிருக்கிறோம். இல்லை, தோழர்களே! வழி தெரிந்திருப்பதும் பரம்பரைச் சொத்தே. பாட்டன் அறிந்ததைத் தந்தைக்கும், தந்தை அறிந்ததை மகனுக்கும் ஓசையின்றிக் கைமாற்றும் சொத்து. வரி கிடையாது; பத்திரம் கிடையாது; உச்சவரம்பும் கிடையாது! அந்தச் சொத்து யாரிடம் குவிந்திருந்தது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஏகபோகத்தை உடைக்கத்தான் இயக்கம் பிறந்தது. பசித்த வயிறு படிக்காது என்பதை உணர்ந்து, 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் உணவு வழங்கியது. கல்லூரியில் யாரைச் சேர்ப்பது என்பது தலைவர் ஒருவரின் விருப்பமாக இருந்த நிலையை மாற்றி, மாணவர் தேர்வுக்குக் குழுக்களை அமைத்தது பனகல் அரசரின் நீதிக்கட்சி ஆட்சி. பரங்கிமலையில் 1883இல் பிறந்து, கிறித்துவக் கல்லூரியில் பயின்று, ஆசிரியராகி, பாடநூல்கள் எழுதிய எம். சி. ராஜா, ஒடுக்கப்பட்டோரின் குரலாகச் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்த காலம் அது. 1928இல் அமைச்சர் முத்தையா முதலியார் வகுப்புவாரி உரிமை ஆணையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1947இல் அது திருத்தப்பட்டபோது, 14 இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, கிறித்துவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிடப்பட்டது.

பொறுக்குமா ஆதிக்கம்? 1950இல் இருவர் வழக்குமன்றம் ஏறினர். ஒருவர் செண்பகம் துரைராசன். அவர் கேட்டது மருத்துவக் கல்லூரி இடம். மற்றவர் சீனிவாசன், கேட்டது நாம் மேலே கண்ட அதே கிண்டிக் கல்லூரியில் இடம். இதில் வேடிக்கை யாதெனில், செண்பகம் துரைராசன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே அனுப்பவில்லை என்பது உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று அறியாமல் இலட்சக்கணக்கானோர் தவித்த நாட்டில், விண்ணப்பிக்காமலேயே வெல்லும் வழி சிலருக்குத் தெரிந்திருந்தது! 1951 ஏப்ரல் 9ஆம் நாள் ஆணை செல்லாதென்று உச்சநீதிமன்றம் கூறிற்று. தமிழகம் கொதித்தெழுந்தது. பெரியாரின் கிளர்ச்சி தில்லியின் செவியை எட்டியது. அதே ஆண்டு ஜூன் திங்களில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, 15ஆம் விதியில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. தாம்பரத்துத் தொழிலாளியின் மகள் கல்லூரிக்குள் கால்வைக்க இயன்றதில் அந்த உட்பிரிவுக்குப் பெரும்பங்கு உண்டு.

அடுத்த தாக்குதல் 1953இல் வந்தது. இராஜாஜி ஆட்சி கொண்டுவந்த புதுத் தொடக்கக்கல்வித் திட்டத்தின்படி, கிராமப்புறப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி; மிச்ச நேரம் பெற்றோரின் தொழில். தொழில் கற்பது இழிவா என்று இனிக்கக் கேட்டார்கள். தொழில் இழிவன்று. ஆனால், எந்தத் தொழில் என்பதைப் பிறப்பு முடிவு செய்வது இழிவு. தாம்பரத்தைச் சுற்றிய ஊர்களெல்லாம் அன்று கிராமங்களே. அத்திட்டம் நிலைத்திருந்தால், சேலையூரிலோ மாடம்பாக்கத்திலோ உள்ள உழவன் மகன் தன் ஊருக்கு அருகில் குரோம்பேட்டையில் எழும்பிய கட்டடத்தில் வானூர்தி செய்யக் கற்பிக்கிறார்கள் என்பதை, ஏர் பிடித்தபடியே கேள்விப்பட்டிருப்பான்! குலக்கல்வி என்று அதற்குப் பெயர் சூட்டி நாடு போராடியது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. பள்ளிகள் பெருகின, 1956இல் மதிய உணவு வந்தது, 1982இல் சத்துணவாக விரிந்தது, 2022இல் காலை உணவும் சேர்ந்தது.

பயன் என்ன? 2021–22ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் சேர்ந்தோரின் மொத்த விகிதம் இந்தியாவில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. ஒரு நூற்றாண்டுப் போராட்டம் இரண்டு எண்களாகச் சுருங்கி நம்முன் நிற்கிறது. வாயில் திறந்துவிட்டது!

வாயில் திறந்துவிட்டது, ஐயமில்லை. ஆனால் வழி தெரிந்ததா?

பழைய ஆதிக்கம் ‘உள்ளே வராதே’ என்றது. எதிர்த்துப் போராட அது எளிய எதிரி. கண்ணுக்குத் தெரியும் எதிரி. இன்றைய தடை பேசுவதில்லை. படிவங்களுக்குள்ளும் தேதிகளுக்குள்ளும் நிபந்தனைகளுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு வந்தது. பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட இயன்றவனுக்கே அது ஏணியாயிற்று. 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கியது. 2017இல் ‘நீட்’ என்னும் பெயரில், தில்லி வழியாக, மீண்டும் அது மருத்துவக் கல்லூரி வாயிலில் வந்து நின்றது. அதன் கொடுமையைத் தணிக்க, 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கிச் சட்டம் இயற்றப்பட்டது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அவ்வொதுக்கீடு விரிந்தது.

அச்சட்டத்தின் நிபந்தனையை ஊன்றிப் படியுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்படியானால், பதினோரு வயதில் பெற்றோர் எடுக்கும் முடிவு பதினெட்டு வயதில் மருத்துவக் கல்லூரி வாயிலில் பேசுகிறது! பெருஞ்சாலைப் பலகையில் மயங்கி, ஆறாம் வகுப்பில் பிள்ளையைக் கட்டணப் பள்ளியில் சேர்த்து, கடன் தாங்காமல் ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்குத் திரும்பும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். பணமும் போயிற்று; ஒதுக்கீடும் போயிற்று. எவரும் அவரை ஏமாற்றவில்லை. எவரும் அவருக்குச் சொல்லவுமில்லை.

இன்னும் கேளுங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பின் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு உரிமையாக்கியது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை வரையறுக்கவும் சட்டம் வந்தது. 2010இல், குடும்பத்தில் முதன்முதலாகத் தொழிற்கல்வி பயிலச் செல்லும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அதே ஆண்டு, தமிழ்வழியில் பயின்றோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை என்று சட்டமாயிற்று. 2020இல் செய்த திருத்தம், பட்டப்படிப்பு மட்டும் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்கவேண்டும் என்றது. 2022இல் கல்லூரி செல்லும் அரசுப் பள்ளி மாணவியருக்கும், 2024இல் மாணவருக்கும் மாதம் ஆயிரம் ரூபாய் என்னும் திட்டங்கள் தொடங்கின. எத்தனை வாயில்கள்! ஒவ்வொன்றுக்கும் ஒரு திறவுகோல்; ஒவ்வொரு திறவுகோலும் பிள்ளையின் பள்ளிப் பருவத்திலேயே கைக்குக் கிட்டுவது; பிறகு தேடினால் கிட்டாதது.

பத்தாம் வகுப்பின் முடிவில் இன்னொரு முச்சந்தி. கணிதத்தை விட்டுவிட்டால் பொறியியல் ஏறத்தாழ முடிந்தது. உயிரியலை விட்டுவிட்டால் மருத்துவமும் ஏறத்தாழ முடிந்தது. மதிப்பெண் குறைந்த பிள்ளைக்குப் படிப்பே முடிந்துவிட்டது என்று வீட்டில் ஒப்பாரி! ஆனால், பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு பயின்று பட்டயம் பெற்றவர், பொறியியல் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். இதுவும் ஒரு வழி. இராஜவழி அன்று, எனினும் ஊர் போய்ச் சேரும் வழி. இதை அறியாமல் பதினாறு வயதுப் பிள்ளையைப் பட்டறையில் விட்டுவிடுகிற வீடுகள் உண்டு. பட்டறை தாழ்ந்ததன்று, வேறு வழி இருந்தும் அறியாமல் அங்கே போவதுதான் கொடுமை.

வழி தெரியாதவன் என்ன செய்வான்? வழி தெரிந்ததாகச் சொல்பவனிடம் போவான். அங்கேதான் மூன்று போலி வழிகாட்டிகள் காத்திருக்கிறார்கள்.

முதல்வர் சோதிடர். பிள்ளையின் கட்டத்தைப் பார்த்து, ‘இவனுக்கு டாக்டர் யோகம், கணக்கு ஒத்துவராது’ என்று அருள்பாலிக்கிறார். பிள்ளையைப் பார்க்கவில்லை, கட்டத்தைப் பார்த்தார்! அவன் எதை ஆசையோடு படிக்கிறான், எதைக் கேட்டால் கண் மலர்கிறது என்று கேட்கவுமில்லை. ஆண்டுக்கொருமுறை புத்தகத்தை அடுக்கிவைத்துப் பூசை போடும் நாட்டில், அந்தப் புத்தகத்தைத் தொடக்கூடாதென்று எத்தனை கோடிப் பேரைப் பல நூற்றாண்டுகளாகத் துரத்தினார்கள்! சரசுவதி அன்று எவருக்கும் பரிந்து வரவில்லை. வந்தது சட்டம், வந்தது போராட்டம். பிள்ளையின் வழியையும் அறிவைக் கொண்டே தேடுவோம். ஆரூடத்தைக் கொண்டு அல்ல.

இரண்டாமவர் விளம்பரப் பலகை. ஆங்கிலப் பெயர், கோட்டும் கழுத்துப் பட்டையும், முதல் மதிப்பெண் பெற்ற நான்கு முகங்கள். அந்த நால்வரைக் காட்டும் பலகை, பத்தாம் வகுப்புக்கு முன்னரே ‘வேறு பள்ளி பாருங்கள்’ என்று அனுப்பப்பட்ட பிள்ளைகளைக் காட்டுமா? மெட்ரிகுலேஷன் என்ற சொல்லில் மயங்குவோர்க்கு ஒன்று: சமச்சீர் கல்விக்கு 2011 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் வழிதிறந்த பின், மாநிலப் பாடத்திட்டத்தின்கீழ் வந்த மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றே. பாடம் ஒன்று, பலகை வேறு, கட்டணம் வேறு! தாய்மொழியில் புரிந்து படித்த பிள்ளை ஆங்கிலத்தைப் பிறகும் கற்றுக்கொள்ளும். புரியாத மொழியில் ஒப்பித்த பிள்ளை இரண்டையும் இழக்கும். கிறித்துவக் கல்லூரியில் தமிழ் கற்பித்து, 1911இல் அப்பணியை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறிய மறைமலை அடிகள், ஆங்கிலமும் வடமொழியும் ஆழக் கற்றவர்தாம். அவரைத் தமிழ் தடுக்கவில்லை.

மூன்றாமவர் அண்டைவீட்டார். ‘அவர் மகன் அங்கே படிக்கிறான், என் மகன் இங்கே படித்தால் மதிப்பு என்னாவது?’ என்கிற நினைப்பு. பள்ளி பிள்ளைக்கா, பெற்றோரின் மதிப்புக்கா? ஒரு கேள்வியைத் துணிந்து கேட்கிறோம். தந்தையின் தொழிலைப் பிள்ளைமேல் சுமத்துவது குலக்கல்வி என்றால், தந்தையின் நிறைவேறாத ஆசையைப் பிள்ளைமேல் சுமத்துவதற்கு என்ன பெயர்? வரைய விரும்பும் மகளை மருத்துவத்துக்கு விரட்டுவதும், இயந்திரத்தில் நாட்டமுள்ள மகனைக் கணக்கர் நாற்காலிக்கு இழுப்பதும், பிறப்பின் இடத்தில் பெற்றோரை அமர்த்துவதே அன்றி விடுதலையாகாது. மகளுக்கென்றால் ‘எப்படியும் கட்டிக்கொடுப்பதுதானே’ என்று பக்கத்துக் கல்லூரியில், கிடைத்த பாடத்தில் தள்ளும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. பச்சிளங் குழந்தையை ஏந்திய கைம்பெண் 1940இல் கிண்டியில் நுழைந்தார் என்பதை அந்த வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

சிலர் கேட்கக்கூடும்: ‘தேர்ந்தெடுப்பது பெற்றோரின் உரிமை, இடையில் நீங்கள் யார்?’ நல்ல கேள்வி. நாம் எவருக்காகவும் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. இருட்டில் ஒருவன் நான்கு பாதைகளுள் ஒன்றில் கால்வைத்தால் அதற்குத் தேர்வு என்று பெயரில்லை. விளக்கேற்றுங்கள், பிறகு அவனும் அவன் பிள்ளையும் கூடிப் பேசி எந்தப் பாதையில் நடந்தாலும் அது அவர்கள் உரிமை.

எனவே, தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் பம்மலிலும் அனகாபுத்தூரிலும் உள்ள இளைஞர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. 2021இல் இவ்வூர்களெல்லாம் ஒன்றிணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. ஊர்கள் ஒன்றானது போல, வழி தெரிந்தவரும் தெரியாதவரும் ஒன்றாகட்டும். ஏப்ரலிலும் மே திங்களிலும் மாலைதோறும் இரண்டு மணி நேரம் படிப்பகத்தைத் திறந்து வையுங்கள். சுவரில் ஒரு தாளில் விண்ணப்பத் தேதிகளை எழுதுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை எங்கே எப்படிப் பெறுவது என்று எழுதுங்கள். விதிகள் ஆண்டுக்காண்டு மாறும். ஆகவே அரசு ஆணையைப் படித்துப் பார்த்த பிறகே சொல்லுங்கள். கேள்விப்பட்டதைச் சொல்வது சோதிடர் வேலை!

பள்ளியைப் பார்க்கப் போகும் பெற்றோரோடு நீங்களும் போங்கள். கட்டடத்தைப் பார்க்காதீர்கள். நூலகத்தின் பூட்டு துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளின் கை பட்ட அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். மாணவியர் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, பயிற்சி பெற்ற ஆசிரியர் எத்தனை பேர், மெல்லக் கற்கும் பிள்ளையை என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் விடையே அந்தப் பள்ளியின் உண்மையான பலகை. அரசுப் பள்ளியில் குறை கண்டால் அதை விட்டு ஓடாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் அமர்ந்து குறையைத் தீர்க்கப் போராடுங்கள். அது நம் வரிப்பணத்தில் எழுந்த பள்ளி. நம் முன்னோர் கேட்டுப் பெற்ற பள்ளி.

கல்லூரி முடித்த ஒவ்வோர் இளைஞரும் தம் தெருவில், பட்டதாரியே இல்லாத ஒரு வீட்டைத் தேர்ந்துகொள்ளட்டும். அந்த வீட்டுப் பிள்ளை ஆறாம் வகுப்பில் இருக்கும்போதே போய்ப் பேசட்டும். பத்தாம் வகுப்பில் மீண்டும் போகட்டும். படிவம் நிரப்பும் நாளில் பக்கத்தில் உட்காரட்டும். மேடை வேண்டாம், மாலை வேண்டாம், ஒரு பேனாவும் சிறிது பொறுமையும் போதும். வாயிலைத் திறக்க ஒரு தலைமுறை சிறை சென்றது. வழிகாட்ட நம்மிடம் கேட்கப்படுவது மாலை நேரம் மட்டுமே.

அன்று ஓர் உறவினர் கொடுத்த பழைய புத்தகக் கட்டு ஒருவரைக் குடியரசுத் தலைவர் மாளிகை வரை நடத்திச் சென்றது. கொடுப்பதற்கு உறவினர் இல்லாத வீடுகள் இந்த இரயில் பாதையின் இருபுறமும் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவ்வீடுகளுக்கு உறவினராக நிற்பது யார்? நாம்தாம்.